பழைய வீடு காலி, புதிய வீடு பாக்கி

வீடு மாறும் இடைவெளியில் சாமான்களை வாடகைக் கிடங்கில் விட்டுச் செல்லும் பழக்கம் பெருநகரங்களில் பரவிவிட்டது. பொருளுக்கு இடம் கிடைக்கிறது. பொறுப்பு யாருடையது என்பதுதான் கேள்வி.

காலை ஏழு மணிக்கே லாரி வந்து நிற்கிறது. பேக்கர்ஸ் ஆட்கள் நான்கு பேர் மூன்றாவது மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறார்கள். பீரோவுக்குப் பழைய கம்பளி, ஃப்ரிட்ஜுக்குக் குமிழ் பிளாஸ்டிக், கண்ணாடிச் சாமான்களுக்குச் செய்தித்தாள். கொலு பொம்மைப் பெட்டியை மட்டும் வீட்டுக்கார அம்மாள் தானே கட்டுகிறார். வேறு யாரையும் தொட விடுவதில்லை. மதியத்துக்குள் வீட்டில் மிஞ்சுவது சுவரும் ஆணியும்தான்.

இதுவரை எந்த வீடு மாற்றத்திலும் நடப்பதுதான். வித்தியாசம் இதற்குப் பிறகு. குடும்பம் இரண்டு சூட்கேஸ்களோடு ஒரு பக்கம் போகிறது. லாரி வேறு பக்கம் போகிறது. ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கில், கட்டிலும் கிரைண்டரும் புத்தகப் பெட்டியும் மரப்பலகை மேல் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு எண் ஒட்டப்படுகிறது. ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளில் சேர்த்தது அறையின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடுகிறது. வாடகை மாதாமாதம் கட்டப்படும். புது வீட்டின் சாவி கிடைக்கும் நாளில் லாரி மறுபடி வரும்.

மேல்நாடுகளில் நெடுங்காலமாக இருக்கும் இந்த ஏற்பாடு, மும்பை, டெல்லி, குர்கான், பெங்களூர், ஹைதராபாத், புனே, சென்னை என்று இந்தியப் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் இன்று தனித் தொழிலாகிவிட்டது. அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர், வெளிநாட்டு வேலைக்கு இரண்டு ஆண்டு போகிறவர், பழைய வீட்டை விற்றுவிட்டுப் புதிய ஃப்ளாட்டுக்குக் காத்திருப்பவர், வீட்டைப் பழுது பார்க்கிறவர் என்று வாடிக்கையாளர்கள் பல ரகம். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான். ஒரு வீடு முடிந்த தேதிக்கும் இன்னொரு வீடு தொடங்கும் தேதிக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது.

பள்ளம் விழுந்த கதை

அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமாகலாம் என்பதை 2020 காட்டியது. மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. கம்ப்யூட்டர் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. ஒரிசாவிலோ கேரளத்திலோ கோயம்புத்தூரிலோ பெற்றோர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பெங்களூரில் பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்டுக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை என்று பலருக்கும் தோன்றியது. வீட்டைக் காலி செய்தார்கள். சாமான்களைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பலர் கேள்விப்பட்டிராத தொழில் அந்த ஆண்டில்தான் நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகமானது.

ஆனால் பள்ளத்தை வெட்டும் முக்கிய ஆயுதம் கட்டுமானத் தொழில். டெல்லியை ஒட்டிய நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் அம்ரபாலி குழுமத்தின் குடியிருப்புகளுக்குப் பணம் கட்டிய பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுக்க வேண்டியிருந்தது. சாவி வரும் என்று நம்பிப் பழைய வீட்டை விற்றவருக்கு வாடகை வீடு வேண்டும். வாடகை வீட்டில் எல்லாச் சாமானும் கொள்ளாது.

மும்பையில் கதை வேறு மாதிரி. அங்கே பழைய கட்டடங்களை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுகிறார்கள். கட்டி முடியும் வரை குடியிருப்போருக்கு பில்டர் வாடகை கொடுப்பார் என்பது வழக்கமான ஏற்பாடு. வாடகை வீடோ 11 மாத ஒப்பந்தம். ஒவ்வொரு முறை முடியும்போதும் மறுபடி மூட்டை கட்ட நேரிடலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று உடையும், ஏதாவது ஒன்று தொலையும். பெரிய சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வீடு மாறுவது மேல் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

அந்தக் கணக்கு பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு கோரேகாவ் சித்தார்த் நகர் உதாரணம். பத்ரா சால் என்று ஊரறிந்த குடியிருப்பு அது. மறுகட்டுமானத்துக்கு 2008-இல் ஒப்பந்தம் போட்டு 672 குடும்பங்கள் வெளியேறின. திட்டம் முறைகேட்டில் சிக்கியது. வாடகைப் பணமும் நின்றது. 2022-இல் வீட்டு வசதி வாரியம் வேலையை மறுபடி தொடங்கியபோது பத்து ஆண்டுகள் கடந்திருந்தன. போகும்போது தொட்டிலில் இருந்த குழந்தை பள்ளிக்கூடப் பையோடு நின்றது. ‘தற்காலிகம்’ என்ற சொல்லை இந்த நாட்டில் எவ்வளவு நீட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பரண் இருந்த காலம்

இந்தக் கிடங்குகள் வருவதற்கு முன் இந்தியக் குடும்பங்கள் சாமான்களை எங்கே வைத்தன? பரணில் வைத்தன. பரண் நிறைந்தால் அண்ணன் வீட்டில், மாமனார் வீட்டில், ஊரில் பூட்டிக் கிடக்கும் பின்கட்டில் வைத்தன. டெல்லி கரோல் பாகிலிருந்தோ மும்பை மாதுங்காவிலிருந்தோ மாற்றலாகிப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு, அதே காலனியில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் பால்கனிதான் கிடங்கு. வாடகை கிடையாது. ரசீதும் கிடையாது. திரும்பி வரும்போது தையல் மெஷினின் ஒரு சக்கரம் காணாமல் போயிருந்தால் கேட்கவும் முடியாது.

இரண்டு அறை ஃப்ளாட்டுகள் வந்த பிறகு அந்தப் பரணும் போயிற்று. லாஃப்ட் என்ற பெயரில் குளியலறைக்கு மேலே இருக்கும் பொந்தில் அவரவர் சாமானுக்கே இடமில்லை. உறவினரிடம் இலவசமாக வாங்கிய உதவியைத்தான் இப்போது அந்நியரிடம் விலைக்கு வாங்குகிறார்கள்.

இதில் பழைய அனுபவசாலிகள் ராணுவக் குடும்பங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இடம் மாறும் அவர்களுடைய கறுப்பு டிரங்குப் பெட்டிகளை எந்த ரயில் நிலையத்திலும் அடையாளம் கண்டுவிடலாம். மேலே வெள்ளை பெயின்டில் பெயர், பதவி, பெட்டியின் எண். எந்த எண் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். போர்முனைக்கு அருகே மாற்றலானால் குடும்பம் உடன் போக முடியாது. சாமான் ஓரிடத்தில், குடும்பம் ஓரிடத்தில், அதிகாரி ஓரிடத்தில் என்று பிரியும்போது அந்த நோட்டுப் புத்தகம்தான் குடும்பத்தைச் சேர்த்துக் கட்டும் கயிறு.

மத்திய அரசு ஊழியர்களின் மாற்றல் விதிகளும் சாமானை எடை போட்டுத்தான் பார்க்கின்றன. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-இல் வந்த விதிகளின்படி, ஊதிய நிலை 6-க்கும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 6,000 கிலோ வரை கொண்டு போகலாம். நிலை 5-க்கு 3,000 கிலோ. அதற்குக் கீழே 1,500 கிலோ. ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கை ஒன்றரை டன் என்று அரசு முடிவு செய்திருக்கிறது.

சாவி யாரிடம்?

இன்று கிடைக்கும் சேவை இரண்டு வகை. முதல் வகையில் நிறுவனத்தின் ஆட்களே வீட்டுக்கு வந்து, கட்டி, ஏற்றி, தங்கள் கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். இடையில் ஏதாவது ஒரு பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எடுத்துத் தரத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டாவது வகையில் ஒரு சிறு அறையோ இரும்புக் கூண்டோ வாடகைக்குக் கிடைக்கும். பூட்டும் சாவியும் வாடிக்கையாளருடையவை. வேண்டியபோது போய்த் திறந்து பார்க்கலாம்.

அடைக்கும் இடத்தைப் பொறுத்து, அதாவது சதுர அடியையோ கன அடியையோ வைத்து வாடகை போடுகிறார்கள். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு குடும்பத்துக்கு மாத வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரியோடு 3,540 ரூபாய் ஆகிறது. மாதம் 25,000 ரூபாய் வாடகை கொடுத்து ஃப்ளாட்டைப் பூட்டி வைப்பதோடு ஒப்பிட்டால் இது கொசுறு. ஆறு மாதத்துக்கு 21,240 ரூபாய். அதுவே ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டால் 63,720 ரூபாய். இதற்கு மேல் கொண்டுபோகும் கூலி, திரும்பக் கொண்டுவரும் கூலி. அந்தப் பணத்தில் உள்ளே இருக்கும் பழைய சோபாவையும் வாஷிங் மெஷினையும் புதிதாகவே வாங்கிவிடலாம். கிடங்கு லாபமா நஷ்டமா என்பதை வாடகை முடிவு செய்வதில்லை. எத்தனை மாதம் என்பதே முடிவு செய்கிறது.

காசுக் கணக்கைவிடச் சிக்கலானது பொறுப்புக் கணக்கு. ஆறு மாதம் கழித்துப் பெட்டியைப் பிரிக்கும்போது பட்டுப் புடவைகள் பூஞ்சை பூத்திருந்தால், வெண்கல விளக்கில் ஒன்று குறைந்தால், யாரைக் கேட்பது?

1872 முதல் 2021 வரை

பதில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிறர் பொருளைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவர், விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. அந்தக் கவனத்தைக் காட்டியும் பொருள் அழிந்தால், தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவர் பொறுப்பில்லை என்கிறது 152-ஆவது பிரிவு. கேட்ட நேரத்தில் திருப்பித் தராமல் தாமதித்தால் அதன் பின் நேரும் சேதம் அவர் தலையில் என்கிறது 161-ஆவது பிரிவு. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய சட்டம் தகரக் கிடங்குக்கும் பொருந்துகிறது.

ஆனால் கிடங்குக்காரர் நீட்டும் படிவத்தில் பொடி எழுத்தில் வேறு கதை இருக்கலாம். ‘பொருள்கள் உடைமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்பது வழக்கமான வாசகம். நஷ்ட ஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு, பெரும்பாலும் சில மாத வாடகைக்கு மேல் போகாதபடி, குறிக்கப்பட்டிருக்கும். சாவி வாடிக்கையாளரிடமே இருக்கும் இரண்டாவது வகையில் இன்னொரு வாதமும் வரும்: நாங்கள் வாடகைக்கு விட்டது இடத்தைத்தான், உள்ளே இருப்பது எங்கள் பொறுப்பே இல்லை.

இந்த இரண்டு வாதங்களுக்கும் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வழி காட்டுகின்றன. இரண்டும் வீட்டுச் சாமான் வழக்குகள் அல்ல. முதலாவது கார் பற்றியது. 1998-இல் டெல்லியின் ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஒருவர் காரைச் சாவியோடு ஊழியரிடம் கொடுத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை. டோக்கனில் ‘சொந்தப் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருப்பதாக ஹோட்டல் சொன்னது. தன் கவனக்குறைவை அந்த வாசகத்துக்குப் பின்னால் மறைக்க முடியாது என்றும், தக்க கவனம் காட்டியதை நிரூபிக்க வேண்டியது ஹோட்டலே என்றும் 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

இரண்டாவது வழக்கு வங்கி லாக்கர் பற்றியது. கொல்கத்தாவில் ஒரு வங்கிக் கிளை, வாடகை பாக்கி என்று சொல்லி 1994-இல் ஒரு லாக்கரை உடைத்தது. வாடகையோ கட்டப்பட்டிருந்தது. லாக்கரில் 7 நகைகள் இருந்ததாக வாடிக்கையாளர் சொன்னார், கிடைத்தவை 2. லாக்கரில் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது என்பதற்காக அது கை கழுவிவிட முடியாது, லாக்கரைக் காக்கும் கடமை தனியாக இருக்கிறது என்றது உச்ச நீதிமன்றம். 2021 பிப்ரவரியில் வந்த அந்தத் தீர்ப்பு 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு விதித்தது. அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு.

வீட்டுச் சாமான் கிடங்குக்கு இப்படியொரு காவலர் இல்லை. 2007-ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டமும் அதன் கீழ் 2010-இல் அமைந்த ஒழுங்குமுறை ஆணையமும் கைமாற்றத்தக்க ரசீது வழங்கும் கிடங்குகளைக் கவனிப்பவை. விவசாயி தன் நெல்லையும் பருத்தியையும் வைத்துக் கடன் வாங்க உதவும் ஏற்பாடு அது. நெல் மூட்டைக்கு ஆணையம் இருக்கிறது. கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் கையெழுத்திட்ட காகிதம்தான்.

லாக்கர் வழக்கில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. நஷ்ட ஈடு கிடைத்தது லாக்கரை முறையில்லாமல் உடைத்ததற்காக. உள்ளே இருந்தவை 7 நகைகளா 2 நகைகளா என்ற கேள்விக்கு நுகர்வோர் மன்றங்களில் விடை கிடைக்கவில்லை. அதைச் சிவில் நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்கள். கால் நூற்றாண்டு வழக்காடியும் ‘என்ன வைத்தேன்’ என்பது முடிவாகவில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

வழக்கு என்று வந்தால் இடம் மாறிய குடும்பத்துக்கு ஒரு சலுகை உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். சாமான் பிவண்டியில் இருக்கலாம். குடும்பம் பூபாலில் இருக்கலாம். புகார் பூபால் மாவட்ட ஆணையத்தில் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் தொலைபேசி எண் இருக்கிறது.

வாடகை பாக்கி வைத்தால் பொருளைப் பிடித்து வைக்கலாமா? ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவு அப்படிப்பட்ட பொது உரிமையை வங்கிகள், துறைமுகக் கிடங்குக்காரர்கள் போன்ற சிலருக்கே தருகிறது. மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். ஆகவேதான் இத்தனை மாதம் பாக்கி விழுந்தால் நோட்டீஸ் கொடுத்து விற்றுவிடுவோம் என்ற நிபந்தனை படிவத்தில் இடம்பெறுகிறது. அந்த உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் வாடிக்கையாளரே. பழைய போன் நம்பரையும் பழைய முகவரியையும் கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போனவருக்கு நோட்டீஸ் போய்ச் சேராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

ஈரம், கரையான், வெள்ளம்

மனிதர்களைவிட இந்தியாவின் தட்பவெப்பம் பொல்லாதது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். சென்னையில் அந்த ஈரம் அக்டோபரில் தொடங்குகிறது. டெல்லியில் மே மாத வெயிலில் மரம் சுருங்கி, ஜூலை மழையில் உப்புகிறது. பலா மரத்தில் செய்த வீணை, பழைய தேக்குக் கதவு, தஞ்சாவூர்ப் படம் போன்றவற்றுக்குக் கொதிக்கும் தகரக் கூரை எமன்.

கிடங்குகள் ஊருக்கு வெளியே இருப்பதற்குக் காரணம் நிலத்தின் விலை. விலை குறைந்த நிலம் பல சமயம் தாழ்வான நிலம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் படகு விட்டார்கள். கிடங்கைப் பார்க்கப் போகிறவர் கேமராவையும் காவலாளியையும் பார்ப்பதோடு, தரை சாலையைவிட எவ்வளவு உயரம், சாமான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்ப்பது நல்லது. சுவரில் பழைய நீர்க்கோடு இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை.

கட்டும் விதத்தில் பாதி சேதத்தைத் தவிர்க்கலாம். ஃப்ரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, உலர்த்தி, கதவு இறுக மூடாதபடி துணி செருகிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை குடியேறும். வாஷிங் மெஷின் குழாயில் தங்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் போட்டால் செத்துவிடும். விற்றுவிடுவதோ, தெரிந்தவருக்குக் கொடுப்பதோ மேல். பட்டுப் புடவையை பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் படக்கூடாது. கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிலிலேயே கட்டிவிட வேண்டும். கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அவை கிடங்குக்குப் போகவே கூடாது.

நகை, பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவை எந்த நிலையிலும் குடும்பத்தோடுதான் பயணம் செய்ய வேண்டும். பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் பெட்டி எண் 23-இல் இருப்பது, கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாளில்தான் ஞாபகம் வரும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வீட்டுக்கு எடுத்த பாலிசி அந்த முகவரியில் இருக்கும் பொருளுக்குத்தான். பொருள் கிடங்குக்குப் போகும்போது பாலிசி தானாகப் பின்னால் போவதில்லை. நிறுவனத்துக்குச் சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். கிடங்குக்காரர் ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று சொன்னால் அது கட்டடத்துக்கா, உள்ளே இருக்கும் பொருளுக்கா, எவ்வளவு தொகைக்கு என்று கேட்க வேண்டும். லாரிப் பயணத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 2011 விதிகளின்படி, மதிப்பை அதிகமாக அறிவித்துப் பதிவு செய்யாவிட்டால் சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல 10 மடங்கோடு நின்றுவிடும். வழக்குப் போட வேண்டுமானால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கிடங்கில் ஏழு மாதம் தூங்கிய டி.வி.யை எட்டாவது மாதம் பிரித்துப் பார்த்து, லாரியில் உடைந்தது என்று சொன்னால் கேட்பாரில்லை. கண்ணாடிச் சாமான்களைக் கிடங்கில் இறக்கிய அன்றே ஒரு முறை பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்று மாதம் என்று சொல்லி

‘ஒரு மூணு மாசம் இருக்கட்டும்’ என்றுதான் எல்லாக் குடும்பமும் தொடங்குகிறது. மூன்று மாதம் ஆறாகிறது. ஃப்ளாட் முடியவில்லை, அல்லது முடிந்துவிட்டது, ஆனால் அதில் அலமாரிகள் சுவரோடு பொருத்தி வந்துவிட்டன, பழைய பீரோவுக்கு இடமில்லை. வெளிநாட்டு வேலை இன்னும் ஓராண்டு நீள்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து வாடகை தானாகவே கழிந்துகொண்டிருப்பதால் கை உறுத்துவதில்லை. ஒரு நாள் கணக்குப் பார்த்தால் உள்ளே இருக்கும் பொருளின் விலையைவிட வாடகை அதிகமாகியிருக்கிறது.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. கட்டும் நாளிலேயே சாமான்களை மூன்றாகப் பிரித்துவிடுவது. திரும்ப வாங்க முடியாதவை: அம்மாவின் வெண்கல உருளி, பாட்டி காலத்துக் கொலு பொம்மைகள், கைப்பட எழுதிய கடிதங்கள், ஆல்பங்கள். திரும்ப வாங்கக் கூடியவை, ஆனால் விலை அதிகமானவை: நல்ல மரச் சாமான், புதிய ஃப்ரிட்ஜ். மூன்றாவது, பழக்கத்தால் மட்டும் கூடவே வருபவை. முதல் ரகத்தை முடிந்தவரை உறவினர் வீட்டில் வைக்கலாம். இந்த ஒன்றுக்காவது பழைய பரண் இன்னும் பயன்படும். இரண்டாவது ரகத்துக்குத்தான் கிடங்கு. மூன்றாவது ரகத்தை வீடு காலியாவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கடைசி நாளன்று பிரிக்க மனம் வராது.

இத்தனைக்கும் பிறகு பாதுகாப்பு என்பது பெரிய பூட்டிலோ கேமராவிலோ மட்டும் இல்லை. ராணுவக் குடும்பத்தின் நோட்டுப் புத்தகம் சொல்லும் பாடம்தான் கொல்கத்தா லாக்கர் வழக்கும் சொல்வது. பெட்டிக்கு ஓர் எண். எண்ணுக்கு எதிரே உள்ளே இருப்பவை. விலை அதிகமான பொருளுக்கு மதிப்பும் போட்டோவும். ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல் பற்றி ஒரு வரி. கீழே கிடங்குக்காரரின் கையெழுத்தும் தேதியும். ஒரு மாலை நேர வேலை இது. சாமான் ஏற்றும் அவசரத்தில் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவதும் இதுவே.

அல்லது, எழுதி முடித்துப் பத்திரமாகப் பெட்டி எண் 1-க்குள் வைத்து ஒட்டி, கிடங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். எதை வேண்டுமானாலும் கிடங்கில் விடலாம். அந்தப் பட்டியலை மட்டும் விடக்கூடாது.